நோவைத் தணிக்க அபின் ஒன்றே வழியா?

இப்பகுதியை வாரந்தோறும் வாசித்துவரும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமக்குக் கடிதமொன்று வரைந்திருக்கிறார். அவருடைய தந்தையார் நெடுங்காலமாக நாரி நோவினால் வருந்துபவர். நோ நாரியோடு நில்லாது ஒரு காலின் வழியே பாதம்வரை இறங்கி, நடையையும் நித்திரையையும் கெடுத்துவிட்டது. முள்ளந்தண்டின் என்புகளுக்கிடையே உள்ள தட்டொன்று பிதுங்கி நரம்பை நெரிக்கிறதெனக் கண்ட வைத்தியர்கள், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துள்ளனர். இப்பொழுது அவ்வீட்டிலே இரண்டு அச்சங்கள் குடிகொண்டிருக்கின்றன. கத்தி பட்ட நோவுக்கு அபினிலிருந்து பெறப்படும் மருந்தைக் கொடுத்தால், தந்தையார் அதற்கு அடிமையாகி விடுவாரோ என்பது ஒன்று. அதனைக் கொடாதுவிட்டால் அவர் நோவைத் தாங்கமாட்டாரே என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நின்று தாயார் தவிக்கிறார். "அபின் இல்லாமல் இந்நோவைத் தணிக்க வழியுண்டா?" என்பதே மாணவரின் வினா.

வழியுண்டு. ஆயின், அபினுக்கு ஈடாக நிற்கும் தனி மருந்து எதுவும் இல்லை. சிறு சிறு வழிகள் பல ஒன்றுசேர்ந்தே அதன் வேலையிற் பெரும்பகுதியைச் செய்கின்றன. இதனை விளங்கிக்கொண்டால் இரண்டு அச்சங்களும் தாமே தணியும்.

காவற்காரனின் கூச்சல்

நோவை நாம் பகையென்றே எண்ணுகிறோம். உண்மையில் அது உடம்பின் காவற்காரன். பாகிஸ்தானின் வடபகுதியிலே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தெருவிற் கூத்துக் காட்டிப் பிழைத்துவந்தான். கைகளிற் கத்தியைச் செருகிக்கொள்வான், தணலின்மேல் நடப்பான், நோ என்பதையே அவன் அறியான். வீட்டுக் கூரையிலிருந்து குதித்தமையால் பதினான்கு வயது நிரம்புமுன்னரே அவன் இறந்துபோனான். அவனது சுற்றத்தைச் சேர்ந்த குடும்பங்களிலும் அவ்வாறே நோவறியாப் பிள்ளைகள் இருந்தனர். நரம்பிலே நோச் செய்தியை எழுப்பும் சோடியக் கால்வாய் ஒன்று அவர்களிடம் பிறவியிலேயே பழுதுபட்டிருந்ததென்பதை 2006 இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். காவற்காரன் இல்லாத வீடு எந்நிலைக்கு ஆளாகும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

ஆனால், கள்வன் வந்து போன பின்னரும் காவற்காரன் இரவு முழுவதும் கூச்சலிட்டுக்கொண்டிருந்தால் வீட்டாருக்கு என்ன பயன்? சத்திரசிகிச்சைக்குப் பின் எழும் நோவும் இத்தகையதே. அது மிகுந்தால் நோயாளி ஆழ்ந்து மூச்சு விடமாட்டார். அதனாற் சுவாசப்பையிற் சளி தேங்கும். எழுந்து நடக்கமாட்டார், அதனாற் கால் நாளங்களிற் குருதி உறையக்கூடும். நித்திரை கெடும், மனம் தளரும். நாட்கணக்காகத் தணியாத கடுநோ முண்ணாணையும் மூளையையும் மிகையாகக் கூர்மையடையச் செய்து, காயம் ஆறிய பின்னரும் நீங்காத நோவாக வேரூன்றுதலும் உண்டு. ஆகவே, பல்லைக் கடித்துக்கொண்டு நோவைப் பொறுப்பதே ஆண்மை என்னும் நம்மவரின் பழைய எண்ணம் இவ்விடத்துப் பொருந்தாது. நோவைத் தணிப்பது செல்லங்கொடுப்பதன்று; சிகிச்சையின் ஓர் உறுப்பேயாகும்.

அபின் தந்த பாடம்

ஜெர்மனிய மருந்தாளரான சேர்ட்டூர்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். அன்றுதொட்டு இன்றுவரை கடுநோவுக்கு அதுவே பெருமருந்தாக நிற்கிறது. பெதிடின், கொடெயின், பெந்தனில், ஒக்சிகொடோன் முதலியன அதன் இனத்தவை. நம் நாட்டில் நாரி நோவுக்கு எழுதிக் கொடுக்கப்படும் திரமடோலும் அவ்வினத்ததே என்பதை வாசகர் மனத்திருத்துக.

இம்மருந்துகள் மூளையிலும் முண்ணாணிலும் உள்ள வாங்கிகளிற் சென்று பொருந்தி, நோச் செய்தியை மழுக்குகின்றன. அவ்வாங்கிகள் மூச்சை நடத்தும் மையத்திலும் குடலிலும் உள்ளன. ஆதலின் நோத் தணிவோடு மயக்கமும், ஓங்காளமும், மலச்சிக்கலும், சிறுநீர்த் தடையும் சேர்ந்தே வருகின்றன. அளவு மீறின் மூச்சு அடங்கும். நாரியிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கோ மலச்சிக்கலே பெருந்தொல்லையாகும். முக்கும்பொழுதெல்லாம் புண்பட்ட இடம் இழுபட்டு நோகும்.

அடிமையாதல் பற்றிய அச்சத்துக்கு அமெரிக்க நாட்டின் அண்மைக்கால வரலாறு விடை கூறும். 1980 இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' சிறு கடிதமொன்றைப் பிரசுரித்தது. வைத்தியசாலையில் தங்கியிருந்தபோது அபின் இன மருந்து பெற்ற 11,882 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அதற்கு அடிமையானோரெனக் குறிக்கப்பட்டவர் நால்வரே என்பது அதன் சாரம். வைத்தியசாலைக் கட்டிலிலே தாதியர் கண்முன் கொடுக்கப்பட்ட மருந்தைப் பற்றிய செய்தி அது. பின்வந்தோர் அவ்வேறுபாட்டை மறந்து, வீட்டில் மாதக்கணக்காக உண்ணும் மருந்துக்கும் அதனைச் சான்றாகக் காட்டினர். 1996 இல் 'ஒக்சிகொன்ரின்' என்னும் குளிகை அந்நாட்டுச் சந்தைக்கு வந்தது. அதன் அடிமையாக்கும் ஆபத்தைக் குறைத்துக் கூறி விற்ற குற்றத்தை அம்மருந்து நிறுவனம் 2007 இல் நீதிமன்றத்திலே ஒப்புக்கொண்டது. 2017 ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் அபின் இனப் பொருள்களின் மிகையளவினால் 47,000 க்கு மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தன்றிக் களவாக விற்கப்பட்ட ஹெரோயினும் பெந்தனிலும் அத்தொகையிற் பெரும்பங்கு கொண்டனவெனினும், தீ முதலில் மூண்டது மருந்துச்சீட்டிலேயாம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் இரு கூறானது. வைத்தியசாலையில் இரண்டொரு நாள் அளவாகக் கொடுக்கப்படும் மோர்பினைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. என்புகளைத் திருகாணி பூட்டிப் பொருத்தும் பெரிய சத்திரசிகிச்சையாயின் முதற் சில நாட்களுக்கு அது தேவைப்படுதலும் உண்டு. அஞ்சத் தக்கது, வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைக்கப்படும் குளிகைப் பொதியேயாம். நாட்கள் நீள நீள அதன் பிடியும் இறுகும்.

வாய்க்காலைப் பல இடங்களில் மறித்தல்

அபினைக் குறைப்பதற்கு வழி என்ன? யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே கிணற்று நீர் வாய்க்கால் வழியோடிப் பாத்தியிற் பாய்வதை வாசகர் அறிவர். பாத்திக்கு நீர் குறைய வேண்டுமாயின் கடைவாயை மாத்திரம் அடைத்து நின்றால் வரம்பு உடையும். கிணற்றிலே இறைப்பைக் குறைத்து, வாய்க்காலில் ஓரிடத்து மண் போட்டு, மடையிலும் சிறிது மறித்தால் எவ்விடத்தும் பெருமுயற்சியின்றி நீர் தானே குறையும். நோவும் அவ்வாறே காயத்தில் ஊறி, நரம்பு வழியோடி, முண்ணாண் என்னும் மடையைக் கடந்து மூளையிற் பாய்கிறது. ஒவ்வோரிடத்தும் சிறிது சிறிதாக மறித்தால் அபினின் தேவை சுருங்கும். டென்மார்க் நாட்டுச் சத்திரவைத்தியர் ஹென்றிக் கெலெற் என்பாரும் அவருடைய தோழர் டால் என்பாரும் 1993 இல் இக்கொள்கையை வற்புறுத்தி எழுதினர். இன்று உலகின் பல வைத்தியசாலைகளில் நாரிச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் இம்முறையே கைக்கொள்ளப்படுகிறது.

முதலாவது, நம் வீடுகளில் எல்லாம் 'பனடோல்' எனப் பெயர் பெற்ற பரசிற்றமோல். இது தலையிடிக்கு உரிய சிறுமருந்தென எண்ணி இகழ்தல் தவறு. நோ வந்தபின் தேடி உண்ணாது, மணி தவறாமல் ஒழுங்காக உண்டாலே அது தன் வன்மையைக் காட்டும். வளர்ந்தோருக்கு ஒரு நாளைக்கு மேல் எல்லை 4 கிராம். அஃதாவது 500 மில்லிகிராம் குளிகை எட்டு. உடல் மெலிந்தவருக்கும், ஈரல் நோயுடையவருக்கும், மது அருந்துவோருக்கும் இவ்வெல்லை இன்னும் குறைவு. தடிமனுக்கு விற்கப்படும் மருந்துகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருத்தலின், அறியாது இருமுறை உண்டு ஈரலைக் கெடுத்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இபுபுரோபன், டைக்குளோபினாக் முதலிய அழற்சி தணிக்கும் மருந்துகள். வெட்டுண்ட தசையிலே புரொஸ்ரகிளான்டின் என்னும் பொருள்கள் சுரந்து நரம்பு முனைகளை உறுத்துகின்றன. அச்சுரப்பை அஸ்பிரின் போன்ற மருந்துகள் தடுக்கின்றன என்பதை 1971 இல் நிறுவிய ஆங்கில அறிஞர் ஜோன் வேன், 1982 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவை கிணற்றிலேயே இறைப்பைக் குறைப்பன. பரசிற்றமோலோடு சேரும்பொழுது இரண்டும் தனித்தனியே தருவதிலும் மிக்க பயன் தரும். ஆனால் இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், சிலவகை ஆஸ்த்மா உடையவருக்கு இவை ஆகா. என்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய சத்திரசிகிச்சையில், நெடுநாள் உண்டால் அப்பொருத்தம் தாமதமாகலாம் என்னும் ஐயமும் உண்டு. ஆதலாற் சத்திரவைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடுதல் கூடாது. காய்ச்சல் கண்டு டெங்கு என்னும் ஐயம் எழுந்தாலோ, குருதிப்பெருக்கை உண்டாக்கக்கூடிய இவற்றை அறவே விலக்க வேண்டும்.

மூன்றாவது, விறைப்பு ஊசி. 1884 இல் வியன்னா நகரத்து இளம் வைத்தியர் கார்ல் கொல்லர், கொக்கேயின் துளிகளை விட்டுக் கண்ணை விறைக்கச் செய்யலாமெனக் காட்டினார். அதன் தீமைகள் இல்லாத லிக்னொக்கேயினை 1943 இல் சுவீடன் தேசத்து லொஃப்கிரன் ஆக்கினார். பல் பிடுங்கும்போது நாம் பெறுவது இவ்வகை ஊசியே. இதனினும் நெடுநேரம் நிற்கும் புப்பிவக்கேயினைச் சத்திரவைத்தியர் காயத்தை மூடுமுன் அதன் ஓரங்களிற் செலுத்துவார். முள்ளந்தண்டை நிமிர்த்தும் தசைகளின் அடியிலே, ஒலியலைப் படக் கருவியின் துணையோடு இம்மருந்தைப் பரப்பும் முறையொன்று 2016 இல் விவரிக்கப்பட்டது. இவை வாய்க்காலில் மண் போடுவன. விழித்தெழும் நோயாளிக்கு முதற் பல மணி நேரம் இவற்றால் ஆறுதல் கிடைக்கும்.

நான்காவது, மடையை மறிக்கும் கெற்றமின். மயக்க மருந்தாகிய இதனை மிகச் சிறிய அளவிலே நாளத்திற் செலுத்தினால் முண்ணாண் மிகையாகக் கூர்மையடைவது தடைப்படும். பெரிய சத்திரசிகிச்சையிலும், முன்னரே அபின் இன மருந்துகளுக்குப் பழகியவரிடத்தும் இது உதவும். எனினும், இது வைத்தியசாலைக்குள் மாத்திரம் வழங்கத் தக்கது.

கபபென்ரின், பிறேகபலின் என்பனவும் ஒரு காலத்தில் இவ்வரிசையில் வைக்கப்பட்டன. 2020 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, சத்திரசிகிச்சை நோவில் அவற்றின் பயன் மிகச் சிறிதென்றும், தலைச்சுற்று முதலிய தீமைகள் உண்டென்றும் கண்டனர். பிறேகபலின் இன்று நம் நாட்டிலும் போதைக்காக விற்கப்பட்டுப் பிடிபடுவதை நாளிதழ்களிற் காண்கிறோம். ஆகவே, அபின் அல்லாதது என்பதனால் மட்டும் ஒரு மருந்து தீங்கற்றது ஆகிவிடாது.

புதிய மருந்தொன்றைப் பற்றியும் மாணவர் அறிதல் நன்று. பாகிஸ்தான் சிறுவனிடம் பழுதுபட்டிருந்த கால்வாயின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு சோடியக் கால்வாயை மாத்திரம் அடைப்பது சுசெற்றிஜின். நோவை ஏந்தும் நரம்புகளில் இது வேலை செய்வதால், அபினைப்போல் மூளையைப் பற்றிக்கொள்வதில்லை. 2025 சனவரி 30 ஆந் தேதி ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் இதனை அங்கீகரித்தது. வயிற்றுத் தோலைச் சீராக்கும் சத்திரசிகிச்சையிலும், காற்பெருவிரல் என்பைத் திருத்தும் சத்திரசிகிச்சையிலும் வெற்றுக் குளிகையிலும் மேலானதாக இது விளங்கிற்று. ஆயின் அபின் இன மருந்தும் பரசிற்றமோலும் சேர்ந்த குளிகையை இது வென்றிலது. நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு நோவிற் சோதித்தபோது வெற்றுக் குளிகை உண்டோரும் ஏறத்தாழ அதே அளவு நலம் கண்டனர். ஆகவே நம்பிக்கை கொள்ளலாம். அற்புதம் என ஆர்ப்பரித்தல் ஆகாது.

வீட்டார் செய்யத் தக்கன

சத்திரசிகிச்சைக்கு முன்னரே நோயாளி இதுவரை உண்டுவந்த மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்தும் திரமடோலும் உட்பட, வைத்தியரிடம் மறையாது கூறுக. நெடுநாள் அபின் இன மருந்து உண்டவருக்குப் பின்னர் நோவும் மிகும். மருந்தும் மிகுதியாக வேண்டும். காயத்தில் ஊசி மருந்து விடப்படுமா, எந்தெந்த மருந்து எத்தனை நாளைக்கு, எப்பொழுது நிறுத்துவது என்னும் வினாக்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்க. வினவுவது மரியாதைக் குறைவன்று.

வைத்தியர் வேறு விதமாகக் கூறாவிடில் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் செய்தல் வேண்டும். எழும்போது முதுகை முறுக்காமல், மரக்குற்றி உருள்வதுபோல உடம்பு முழுவதையும் ஒருசேரப் பக்கவாட்டில் உருட்டி, கால்களைக் கட்டிலின் கீழ் இறக்கி, கையை ஊன்றி எழும் முறையை இயன்மருத்துவர் கற்பிப்பார். குறுகிய நடை, அடிக்கடி நடை என்பதே விதி. நோ முற்றாக அற்ற பின்னரே எழலாம் என்று காத்திருத்தல் பிழை. மூச்சை இழுக்கவும், நடக்கவும், உறங்கவும் இயலுமளவுக்கு நோ தணிந்திருத்தலே இலக்கு. அதனினும் மேலாகத் தணிக்க முயன்றால் மருந்தே நோயாகும்.

நாரி நோவென்றவுடன் எண்ணெய் பூசி உருவுவதும், கொதிநீர் ஒத்தடம் கொடுப்பதும் நம் வீடுகளின் வழக்கம். காயம் ஆறுமுன் இவற்றை அவ்விடத்திற் செய்யலாகாது. எண்ணெய் தையலை நனைத்துக் கிருமிக்கு இடமளிக்கும். நரம்பு நெரிந்து விறைத்த தோலிலே சூடு உறைக்காமையால் தீப்புண் உண்டாதலும் கூடும். மலச்சிக்கல் வாராதிருக்க நீரும், கீரையும், பழமும் தாராளமாகக் கொடுக்கலாம். பத்தியம் என்று கூறிப் பட்டினி போடுதல் வேண்டியதில்லை.

அச்சமும் நோவைப் பெருக்கும். இருளிலே தனித்துக் கிடப்பவருக்குச் சிறு குத்தும் பெருங்குத்தாகத் தோன்றும். இத்தனை நாள் நோ இருக்கும், அது நாளுக்கு நாள் குறையும், அது தையல் பிரிந்ததன் அடையாளமன்று என முன்கூட்டியே தெளிந்தவர் குறைந்த மருந்தோடு ஆறுதல் அடைவர். வந்திருந்து நோய்க் கதைகளையே பேசி மிரட்டும் உறவினரை வாசலிலேயே இனிமையாகத் திருப்பி அனுப்புவதும் ஒரு சிகிச்சையே.

இவ்வளவும் செய்தாலும் காவற்காரனின் குரலை முற்றாகப் புறக்கணித்தல் ஆகாது. காலிலே புதிதாகப் பலவீனம் தோன்றினும், பிறப்புறுப்பையும் மலவாசலையும் சூழ்ந்த பகுதி விறைப்பினும், சிறுநீர் அடைபடினும் அன்றித் தன்னையறியாது கழியினும், காய்ச்சலோடு காயத்தில் நீர் வடியினும், எழுந்து நின்றவுடன் கடுந்தலையிடி வரினும், ஒரு கெண்டைக்கால் வீங்கி நோகினும் குளிகையை நாடாது வைத்தியசாலையை நாடுக. அவை மருந்தால் மூடத் தக்க நோவல்ல. உடனே விடை கூறத் தக்க செய்திகள்.

எஞ்சிய அபின் இனக் குளிகைகள் இருப்பின், பிறிதொரு நாளைக்கு உதவும் என்று அலுமாரியில் வையாது மருந்தாளரிடம் கொடுத்துவிடுக. வீட்டிலே வளர்ந்த பிள்ளைகள் இருப்பின் இதனை மறவாதிருத்தல் கடமை.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் ஆகிய நான்கு கூறுகளும் சேர்ந்ததே மருத்துவம் என வகுத்தார். அந்நான்கில் மருந்து ஒரு கூறே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எஞ்சிய மூன்று கூறுகளும் தளரும் இடத்திலேதான் மருந்தின்மேல், அதுவும் வலிய மருந்தின்மேல், பெருஞ்சுமை விழுகிறது. வைத்தியர் நோ ஓடும் வழியைப் பல இடங்களில் மறிக்க, நோயாளி துணிந்து எழுந்து நடக்க, வீட்டார் வேளை தவறாது மருந்தும் ஆறுதலும் கொடுத்து நிற்பாராயின், அபினுக்கு அவ்விடத்திற் சிறிதளவு வேலையே எஞ்சும். அச்சிறிதையும் வேண்டிய பொழுது பெற்று, வேண்டாத பொழுது விடுத்தல் யாருக்கும் இயலும்.